பெரிய வண்டியின் தளமும் என் தலையும்

பயத்துக்கு வாசனை உண்டென்றால் எனக்கு அது வண்டிச் சாயத்தில் கலக்கும் தின்னர் வாசனை. இன்றைக்கும் செம்பூர் பக்கம் ஆட்டோவில் போகும்போது ஏதாவது ஒரு கராஜிலிருந்து அந்த நெடி மூக்கில் ஏறினால் என் கை தானாகத் தலைக்குப் போகிறது. உச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது. இருக்கிறது. இத்தனை வருஷமாக இருந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் கை நம்புவதில்லை.

தாராவியில் அப்பாவுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அடிபட்டு நசுங்கி வரும் கார்களைத் தட்டி நிமிர்த்துவது, அரித்துப்போன தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது, சாயம் அடிப்பது. பத்ரா வேலை என்பார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரிலிருந்து வந்த நாளாக அங்கேதான் இருந்தார். பேச வேண்டிய இடத்திலும் அப்பா தட்டிக்கொண்டிருப்பார். தட்ட வேண்டிய இடத்திலும் மாமா பேசிக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்குமாகச் சேர்ந்து கொட்டகை ஒருமாதிரி ஓடியது.

பெரிய வண்டியைக் கண்டுபிடித்தவர் மாமாதான். செம்பூரில் ஒரு பழைய பங்களாவின் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில், எத்தனையோ மழைக்காலமாக அது கிடந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்ததாம். அதன் உண்மையான பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, பெரிய வண்டி, அவ்வளவுதான். இழுத்துவந்து நிறுத்திய அன்றைக்கே நான் கதவைத் திறந்து ஏறி, ராணி மாதிரி உட்கார்ந்து, காலை நீட்டினேன். கால் எதிலும் படவில்லை. கால் வைக்கிற தளம் இருக்க வேண்டிய இடத்தில் தாராவி இருந்தது. என் செருப்பு ஒன்று நழுவி ஓட்டை வழியாக விழுந்து, கீழே ஓடிய மழைத்தண்ணீரில் படகு போல மிதந்து போயே போய்விட்டது.

அப்பா என்னைத் திட்டவில்லை. குனிந்து ஓட்டையின் ஓரத்தை விரலால் நிமிண்டினார். தகடு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது.

"துரு மேல இருந்து வராது பிள்ள. உள்ளுக்குள்ளயே இருந்து திங்கும். வெளிய பாத்தா பெயிண்டுக்கு அடியில சின்னக் கொப்புளம் மாரி எழும்பி நிக்கும். கொப்புளத்த நாம பாக்கையில உள்ள சோலி முடிஞ்சிருக்கும்."

எதையோ சொல்லிவைக்க வேண்டுமே என்று சொன்ன வார்த்தைதான். அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எத்தனை ஆட்டம் போடப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்.

மழை முடிந்து, தீபாவளி முடிந்து, பொங்கலும் முடியும்வரை அப்பா அந்த வண்டியோடுதான் கிடந்தார். தளம் முழுக்க வெட்டி எடுத்தார். புதுத் தகட்டில் பழையதைப் போலவே வரிவரியாகப் பள்ளம் தட்டி, பற்றவைத்து, பற்றவைத்த தழும்பு தெரியாமல் இழைத்து, கறுப்புப் பூசினார். வேலை முடிந்ததும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நல்ல பானையைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. அப்பா சிரித்தார். அவர் சிரித்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

ஏற்பாடு இதுதான்: தகட்டுக்கும் சாயத்துக்கும் அப்பாவின் உழைப்புக்கும் போக மிஞ்சுவது மாமாவுக்கு. அந்த மிச்சத்தில், அடுத்த மழைக்கு முன்னாடி, வாஷியில் மாமா சொந்தமாகக் கடை போடுவார். கடையின் போர்டில் என் பேர் இருக்கும். என் பேருக்குப் பின்னால் ஆட்டோ ஒர்க்ஸ் என்று சிவப்பு எழுத்து. மாமா காற்றில் விரலால் அந்த போர்டை எழுதிக் காட்டுவார். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு சார் வண்டியைப் பார்க்க வருகிறார் என்றானபோது அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது.

"ஓட்டை இருந்துச்சு, புதுசு போட்டிருக்கேன். இதுல மறைக்கதுக்கு என்ன இருக்கு மாப்ளே?"

"மறைக்க வேண்டாம் அத்தான். சொல்லாம இருந்தா போதும். துரு வந்து போன வண்டின்னு காதுல விழுந்துட்டா, பாதி விலைக்குக் கேப்பான். அந்தக் காலத்துத் தளம் அப்படியே இருக்குன்னா கண்ண மூடிட்டு வாங்குவான்."

"புதுசுதானல பழசவிட உறுதி?"

"உறுதிய யாரு கேக்கா? இவங்க வாங்குத வண்டி ஓட்டுததுக்கு இல்ல அத்தான், வச்சிருந்து விக்கதுக்கு."

அப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேச்சில் தோற்கிற நேரங்களில் அவர் அப்படித்தான் செய்வார்.

சார் வந்த மத்தியானம் அப்பா இல்லை. தைக்கக் கொடுத்த சீட் உறையை எடுத்துவர சயனுக்குப் போயிருந்தார். கோடை விடுமுறை. எனக்கு வெயிலும் மாம்பழமும் கொட்டகையும்தான் வேலை. சார் சலவை வேட்டியில் வந்தார். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், வெற்றிலை போடாத வெள்ளைப் பல். மடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே லாட வடிவத்தில் ஒரு காந்தம்.

கதவில் வைத்தார். டக். ஒட்டிக்கொண்டது. சக்கரத்துக்கு மேலே வைத்தார். டக். ஓட்டையைத் தகடு போட்டு மூடாமல் வெறும் பட்டிமாவு வைத்துப் பூசியிருந்தால் காந்தம் ஒட்டாதாம், வழுக்கி விழுமாம். மாமா எனக்கு முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு டக்குக்கும் நான் மாமா முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ரகசியம் அந்த வண்டிக்குள் இருந்தது. என் செருப்பு போன வழி எனக்குத் தெரியும்.

"பட்டி எங்கயும் இல்லே. பேஷ்" என்றார் சார். அப்புறம் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார். "தளம்? இது அந்த நாள் தகடுதானா?"

"அதே தகடு சார்."

"துருவே பிடிக்கலே? நம்ம பம்பாய்க் கடல் காத்துல?"

"பிடிக்கல சார்."

"ஏன் கேக்கறேன்னா, நாளைக்கு நானே இதை விக்கறேன்னு வச்சுக்கோங்கோ, வரவன் முதல்ல இதைத்தான் கேப்பான். துரு பிடிச்சு சரி பண்ணினதுன்னா, எத்தனை நன்னா பண்ணியிருந்தாலும் விலை இறங்கிடும். காந்தம் தகடு இருக்குன்னுதான் சொல்லும், எந்த நாள் தகடுன்னு சொல்லாது. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்கோ, போறும்."

ஒரு வார்த்தை போதும் என்றுதான் அவர் கேட்டார். மாமாவுக்கு ஒரு வார்த்தையோடு நிற்கத் தெரியாது. மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டு ஓரமாக நின்ற என்னை எட்டிப் பிடித்து இழுத்தார்.

"இந்தா நிக்கா பாருங்க சார், எங்க அக்கா மக. இவ தலைமேல சத்தியம். இந்தத் தளத்துல துருங்கிறதே வந்ததில்ல."

அவர் உள்ளங்கை என் உச்சியில் விழுந்தது. ஈரமாக, கனமாக, தின்னர் வாசனையோடு.

"ஐயய்யோ, குழந்தை தலைல எல்லாம் எதுக்குப்பா" என்றார் சார். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிட்டது. முன்பணம் கொடுத்தார். "அமாவாசை கழியட்டும். வளர்பிறைல நல்ல நாள் பார்த்து எடுத்துக்கறேன்" என்று காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார்.

மாங்கொட்டை என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது.

மறுநாள் பக்கத்துச் சந்துக் கூட்டாளியிடம் கேட்டேன். வேறு யாருக்கோ நடந்ததுபோலத்தான் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"பொய்ச் சத்தியமா? யாரு தலையில பண்ணாங்களோ அந்தத் தலை வெடிச்சிரும்ட்டி. அமாவாச தாண்டாது."

"நீ பாத்தியா?"

"எங்க பெரியம்மா ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி தலையில பண்ணாங்க. செத்துப் போச்சு."

"ஆடு எப்படியும் சாகும்லா?"

"இது யாரும் வெட்டாமலே செத்துச்சு" என்றாள். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து விடியற்காலையில் பொதுக் குழாயடிக்கு அம்மாவோடு நானும் போனேன். தண்ணீர் தூக்க வந்த சமர்த்துப் பிள்ளை என்று அம்மா நினைத்தாள். நான் நிலா பார்க்கப் போனேன். தகரக் கூரைகளுக்கும் கரண்டுக் கம்பிகளுக்கும் நடுவில், வெளுத்த வானத்தில் அது நின்றது. ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போயிருந்தது. யாரோ உள்ளே இருந்து தின்கிறார்கள். துருவேதான். நிலாவுக்கும் துரு பிடிக்கிறது, அது முழுக்கத் தின்று முடிக்கிற அன்றைக்கு என் தலை வெடிக்கும்.

ஓடுவதை நிறுத்தினேன். குதிப்பதை நிறுத்தினேன். தலையை ஆட்டிப் பேசுவதை நிறுத்தினேன். தலைவாரும்போது சீப்பு பட்டால் அலறினேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் அவர் மாமாவை அடிப்பார்; அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள்; இரண்டுமே வெடிப்பதைவிட மோசம் என்று அப்போது தோன்றியது.

மாமா தினமும் காலையில் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கையில் மொறுமொறு காரி பிஸ்கட் பொட்டலம். வந்ததும் கேட்பார்: "தலை எப்படிட்டி இருக்கு?"

அம்மாவுக்குச் சிரிப்பு. "என்னலே இது? பிள்ளைய விசாரிக்காம தலைய விசாரிக்க?"

மாமா சிரிக்க மாட்டார். அவர் சிரிக்காமல் இருந்த ஒவ்வொரு காலையும் என் பயம் ஒரு சுற்றுப் பருத்தது. வெடிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பிஸ்கட்டைக் காக்காய்க்குப் போட்டேன்.

நிலா வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுக்கு வந்துவிட்ட ஒரு நாள், எண்ணெய் தேய்க்கும்போது அம்மாவின் விரல் என் உச்சியில் நின்றது.

"இதென்ன, கொப்புளம் மாரி?"

கொப்புளம். உள்ளே சோலி முடிந்திருக்கும். அப்பாவே சொல்லியிருக்கிறார்.

அம்மா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பிக்கொண்டிருந்தபோது மாமா உள்ளே வந்தார். முடியை விலக்கிப் பார்த்தார். பளபளவென்று, சாயம் பூசின மாதிரி, சிவந்து எழும்பி நின்ற கொப்புளம்.

"எப்பம்க்கா வந்துச்சு?"

"வெயிலு. மாம்பழமா திங்கால்லா, சூடு. பழுத்து உடைஞ்சா சரியாப் போவும்."

"உடையுமா?"

"பின்ன உடையாம?"

மாமா போட்டு வைத்த டீயைக் குடிக்காமல் போய்விட்டார். நான் பார்த்தவரையில் அவர் டீயை விட்டுவிட்டுப் போனது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் காலை வானத்தில் நிலாவே இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு உச்சியைத் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் மாமா சட்டை மாற்றி, தலை சீவி, வாசலில் நிற்கிறார். "பிள்ளையக் கூட்டிட்டு மாட்டுங்கா வரைக்கும் போயிட்டு வாரேங்க்கா. சார் வீட்டம்மா பாக்கணும்னு சொன்னாங்களாம்." அது பொய் என்று எனக்கு உடனே தெரிந்தது. என் தலையைப் பிடித்திருக்கும் நோய்க்கு அந்த வீட்டம்மா என்ன செய்ய முடியும்?

நடந்தே போனோம். மாமா தன் கைக்குட்டையை நனைத்து என் தலையில் மூடி போட்ட மாதிரி கட்டியிருந்தார். வழியெல்லாம் பேசவில்லை. மாமா பேசாமல் ரோட்டில் நடப்பது, மழையில்லாத ஜூலை மாதிரி, எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தின் படிகளில் என்னைத் தூக்கிக்கொண்டார். கீழே ஒரு லோக்கல் போனபோது பாலம் அதிர, இரண்டு கையாலும் என் தலையைப் பொத்தினார். கிங்ஸ் சர்க்கிளில் மல்லிகைப் பூவும் காப்பிப்பொடியும் மணந்தன. கடைசியாக மோந்து பார்க்கிற வாசனை என்று ஆழமாக இழுத்துக்கொண்டேன்.

மாடி ஏறினோம். சார் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். மாமா உட்காரவில்லை. என்னை முன்னால் நிறுத்தினார். கைக்குட்டையைக் கொஞ்சம் ஒதுக்கி, கொப்புளம் படாமல் ஓரமாக, அன்றைக்கு வைத்த அதே வலது கையை என் தலையில் வைத்தார். இப்போது அதில் கனமே இல்லை.

"சார், இவ தலைமேல சத்தியம். அந்தத் தளம் துருப்பிடிச்சு ஓட்டையாக் கிடந்துச்சு. இவ செருப்பே அதுல விழுந்து போச்சு. எங்க அத்தான் பூராவும் வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு போட்டிருக்காரு. அன்னைக்கு நான் சொன்னது பொய். இது நெசம்."

சார் பேப்பரை மடித்தார். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பேப்பர் சின்னதாகிக்கொண்டே போனது.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம் சார்."

"அப்போ விலை வேற பேசணுமே."

"பேசுங்க சார்."

"குழந்தே, நீ உள்ளே போ. மாமி முறுக்கு தருவா."

நான் உள்ளே போகவில்லை. மாமாவின் கை தலையைவிட்டு விலகிய கணத்தில் என்மேலிருந்து ஒரு முழு வண்டியையே தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினேன். கீழே காம்பவுண்டில் கறுப்பும் வெளுப்புமாகக் கல் பதித்திருந்தார்கள். வெளுப்புக்கு வெளுப்பு குதித்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் குதித்தேன். மேலே நெடுநேரம் பேச்சு நடந்தது. சார் குரல்தான் கேட்டது. மாமா குரல் கேட்கவே இல்லை. என்ன விலைக்கு முடிந்தது என்பது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் நான் அடுத்த வெளுப்புக்குத்தான் குதித்திருப்பேன்.

திரும்பும்போது அதே பாலத்தின் மேல், நடுவில், உச்சியில் சுரீரென்றது. நெற்றியில் சூடாக ஏதோ வழிந்தது. தொட்டால் கையில் ரத்தமும் சீழும். வெடித்துவிட்டது! நான் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. ஆனால் என்னைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டவர் மாமா. கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்தினார்:

"சொல்லிட்டேனே! நான்தான் சொல்லிட்டேனே!"

கூடையோடு போன மீன்கார அம்மா ஒருத்தி நின்று, கூடையை இறக்காமலே குனிந்து என் தலையைப் பார்த்தாள். "ஃபோடா ஹை ரே பாபா, ஃபூட் கயா" என்றாள். கொப்புளம்தான், உடைந்துவிட்டது. எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினாள்.

மாமா படியில் உட்கார்ந்துவிட்டார். என் தலையைக் கைக்குட்டையால் துடைத்தார், அப்புறம் அதே கைக்குட்டையால் தன் கண்ணையும் துடைக்கப் போய், நினைத்துக்கொண்டு, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். லோக்கல்கள் வந்தன, போயின. பாலம் அதிர்ந்தது. என் தலை இருந்தது.

வளர்பிறையில் சார் வந்து வண்டியை எடுத்துப் போனார். அப்பா கடைசியாகத் தளத்தைத் தட்டிக் கேட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தார். இறங்கிய விலையில் அப்பாவின் பங்கு அப்படியே நின்றது என்பதையும், இறங்கியது எல்லாம் மாமாவின் மிச்சம்தான் என்பதையும் அப்பா எனக்குச் சொன்னது, எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் பிறந்த பிறகு. அதுவும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், ஒரே வரியில்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கொட்டகையைக் கழுவி, சுத்தியலுக்கும் வெல்டிங் குழாய்க்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். வெளியே பூசணிக்காய் உடைத்தார்கள். மாமா அதே கொட்டகையில், அதே எண்ணெய்ச் சட்டையில், சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். வாஷி என்ற சொல்லையே அவர் சொல்லிக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

"எங்க மாமா என் பேரு போட்ட போர்டு?"

மாமா அடுத்த பொட்டலத்தை மடித்தார்.

"மழைக்கு முன்னாடின்னு சொன்னீங்க. மழையும் முடிஞ்சு போச்சு. பொய்யன் மாமா! பொய்யன் மாமா!"

வேலைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "ஆமா பிள்ள, மாமா வாயில வாரது பொய்தான" என்றார். அப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு மாமா சந்தனக் கிண்ணத்தை எடுத்து எல்லோர் நெற்றியிலும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றேன். என் தலையில் வைத்த அந்த வலது கை பாதி தூரம் வந்தது. அப்படியே நின்றது. கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "நீயே வச்சுக்கோட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

பொய் சொன்னவர் அவர். கோபப்பட வேண்டியவள் நான். அப்படியிருக்க மாமாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.